மார்பில் வைத்த பெரிய இம்பிளான்ட்டை எடுத்துவிட்டுச் சின்னதாக, மென்மையாக மாற்றிக்கொள்ளலாமா? டெல்டா பக்கம் யாராவது செய்திருக்கிறீர்களா?

அரசலாறு, கும்பகோணம்

வணக்கம் தோழிகளே. சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். 2012-ல் வெளிநாட்டில் வேலையில் இருந்தபோது இரண்டு மார்பிலும் சிலிக்கோன் இம்பிளான்ட் (மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் பொதி) வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் 400 சிசி, அதாவது 400 மில்லி. அந்த வயதில், அந்த உடம்புக்கு அது எனக்குப் பிடித்திருந்தது. பல வருஷம் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

இப்போது ஊரோடு வந்துவிட்டோம். இரண்டு பிள்ளைகள், வயதான மாமனார் மாமியார், கொஞ்சம் நிலம், மாடு. நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிற வேலை. சாயங்காலமானால் கழுத்தும் தோளும் கனக்கின்றன. ப்ரா பட்டை அழுத்தித் தோளில் தடம் விழுந்துவிட்டது. சித்திரை வைகாசியில் மார்புக்கு அடியில் வேர்க்குரு வந்து புண்ணாகிறது. குப்புறப் படுத்துத் தூங்கி எத்தனையோ காலமாகிறது.

இதோடு இன்னொன்று. கொஞ்ச நாளாக இடது பக்கம் இறுகி வருகிறது. வலது பக்கத்தை விரலால் அழுத்தினால் அமுங்குகிறது. இடது பக்கம் அமுங்குவதில்லை, சற்று மேலே ஏறினாற்போலவும் தெரிகிறது. வலி இல்லை.

200, 225 சிசி அளவில், தொட்டால் மெத்தென்று இருக்கிற மாதிரி ஒன்றாக மாற்றிக்கொள்ள ஆசை. பழையதை எடுத்த இடத்திலேயே சின்னதை வைத்துவிட முடியுமா? தோல் தொங்கிப்போகுமா? திருச்சி, தஞ்சாவூரிலேயே செய்துகொள்ளலாமா, சென்னைக்குத்தான் போக வேண்டுமா? அழகுக்காகச் செய்துகொண்டது என்பதால் ஊரில் யாரிடமும் வாய் திறக்க முடியவில்லை. கணவருக்கு எல்லாம் தெரியும், துணையாக இருக்கிறார்.

நிர்வாகம்

இழையைத் திறந்து வைக்கிறோம். மருத்துவர் பெயர், ஆஸ்பத்திரி பெயர், கட்டண விவரம், படங்கள் வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசுங்கள்.

வார்டு அக்கா, தஞ்சாவூர்

அரசலாறு, நான் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முதல் வேலையாக உங்கள் பழைய காகிதங்களைத் தேடி எடுங்கள். இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு ஒரு சின்ன அட்டை கொடுத்திருப்பார்கள். கம்பெனி, அளவு, வரிசை எண், மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா என்பதெல்லாம் அதில் இருக்கும். அட்டை தொலைந்துபோயிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரிக்கு மெயில் போட்டு ஆபரேஷன் குறிப்பைக் கேளுங்கள். தசைக்கு மேலே வைத்தார்களா, கீழே வைத்தார்களா என்பது அதில்தான் இருக்கும். இது கையில் இல்லாமல் சர்ஜனிடம் போனால் அவர் பாதி ஊகத்தில்தான் பேச வேண்டியிருக்கும்.

இடது பக்கம் இறுகியிருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஒரு ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.

குறுவை, மன்னார்குடி

அரசலாறு அக்கா, நான் செய்துகொண்டவள். 375-லிருந்து 240-க்கு இறங்கினேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் படுவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இறுக்கம் பெரும்பாலும் இம்பிளான்ட்டில் இல்லை, அதைச் சுற்றி நம் உடம்பு கட்டிக்கொள்கிற சுவரில் இருக்கிறது. வெளியிலிருந்து எந்தப் பொருளை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி மெல்லிய தழும்புத் திசுவால் ஓர் உறை போட்டுக்கொள்ளும். இது எல்லோருக்கும் நடப்பது. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி உள்ளே இருப்பதை நெருக்க ஆரம்பிக்கிறது. டாக்டர்கள் இதை பேக்கர் அளவுகோலில் நான்கு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் தொட்டால் இயல்பாக இருக்கும். இரண்டில் கொஞ்சம் கெட்டி, பார்த்தால் தெரியாது. மூன்றில் கெட்டியாகி வடிவமும் மாறும். நான்கில் வலியும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூன்றாம் படி மாதிரி தோன்றுகிறது. கை வைத்துப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே "மென்மையான ஜெல் வையுங்கள்" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தால் பிரயோஜனமில்லை. அந்தத் தடித்த சுவரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். முழுதாக எடுப்பார்களா, ஒரு பகுதியை எடுப்பார்களா, இல்லை பழைய அறையை விட்டுவிட்டுத் தசைக்குக் கீழே புது அறை எடுப்பார்களா? இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்கிற சர்ஜனைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். முதலில் பார்த்தவர் எத்தனை சிசி என்று மட்டும் கேட்டுக்கொண்டு தேதி குறிக்கப் பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது அறையின் அளவு. 400 சிசி இத்தனை வருஷம் இருந்த இடத்தில் 225-ஐ வைத்தால், பெரிய உறைக்குள் சின்னத் தலையணையைப் போட்ட கதைதான். படுத்தால் அக்குள் பக்கம் ஓடும், நின்றால் கீழே இறங்கும். அதனால் அறையின் ஓரங்களை உள்ளுக்குள் தையல் போட்டுச் சுருக்குவார்கள். எனக்கு வெளிப்பக்கமும் அடிப்பக்கமும் அப்படித் தைத்தார்கள். அந்தத் தையல் பிடித்துக்கொள்ளும் வரை அக்குளுக்குக் கீழே சுருக் சுருக்கென்று இழுத்துக்கொண்டே இருந்தது. போகப் போகச் சரியாகிவிட்டது.

தோல் விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். பிள்ளை பெற்று, பால் கொடுத்து, எடை ஏறி இறங்கிய தோல் தானாகச் சுருங்கும் என்று நம்ப முடியாது. காம்பு எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. மார்பின் அடிமடிப்புக்கு மேலே இருந்தால் வெறும் மாற்றத்தோடு நிறுத்தலாம். கீழே இறங்கியிருந்தால் தூக்கித் தைக்க வேண்டிவரும். காம்பைச் சுற்றி மட்டும் வெட்டுவது, அதிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இறக்குவது, அடிமடிப்பிலும் சேர்த்து நங்கூர வடிவில் வெட்டுவது என்று தோலின் அளவுக்கு ஏற்பத் தழும்பும் நீளும். சில சர்ஜன்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிப்பார்கள். சிலர் முதலில் இம்பிளான்ட்டை மாற்றிவிட்டு, தோல் அடங்கட்டும் என்று சில மாதம் விட்டு, தேவைப்பட்டால் மட்டும் தூக்கித் தைப்பார்கள். காம்புக்குப் போகிற ரத்த ஓட்டம் பாதிக்கக் கூடாது என்பதுதான் காரணம். நான் காத்திருந்து பார்த்தேன். கடைசியில் தூக்கித் தைக்கத் தேவைப்படவே இல்லை.

ஜெல் பற்றியும் ஒன்று. மெத்தென்று இருக்கும் ஜெல் ஒல்லியான உடம்பில் ஓரங்களில் அலை அலையாகத் தெரியும். நான் குனிந்து வாசலில் கோலம் போடும்போது மார்பின் உட்பக்க ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கம் விழுகிறது. நிமிர்ந்தால் மறைந்துவிடுகிறது. இது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மென்மைக்காக இதை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் செய்துகொண்டேன். கெட்டியான ஜெல் அலை காட்டாது, வடிவமும் நிற்கும், ஆனால் தொட்டால் தெரியும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது அக்கா. உங்களுக்கு எது பெரிதென்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தாழை, நாகப்பட்டினம்

குறுவை இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. நானும் யோசித்துக்கொண்டிருப்பவள்தான். 400, 225 என்று எண்ணாகச் சொன்னால் எனக்கு மனதில் ஏறவில்லை. அதனால் வீட்டில் ஆழாக்கை எடுத்தேன். ஓர் ஆழாக்கு கிட்டத்தட்ட 168 மில்லி. அப்படியானால் அரசலாறு அக்கா குறைக்க நினைப்பது ஒரு பக்கத்துக்கு ஓர் ஆழாக்குக்குச் சற்றே கூட. ஓர் ஆழாக்கு பொன்னி அரிசியை மெல்லிய துணியில் கட்டி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு போகப்போகிறது என்று கைக்கே தெரிந்துவிடும். படி அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மருந்து அளக்கிற மில்லி டம்ளரில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அரிசி இடத்தைத்தான் காட்டும், பாரத்தைக் காட்டாது. பாரம் தெரிய வேண்டுமானால் பையில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். சிலிக்கோன் ஜெல்லின் எடை கிட்டத்தட்ட தண்ணீரின் எடைதான். இரண்டு 400 சேர்ந்தால் முக்கால் கிலோவுக்கு மேல். சாயங்காலம் கழுத்து கனக்காமல் என்ன செய்யும்!

குறுவை, மன்னார்குடி

நல்ல யோசனை தாழை. மேசையிலும் சர்ஜன் இதே மாதிரி ஒன்று செய்வார். ஆபரேஷனின்போது அளவு பார்க்கும் தற்காலிகப் பொதியை உள்ளே வைத்து, மயக்கத்தில் இருக்கும்போதே மேசையைச் சாய்த்து உட்காரவைத்துப் பார்ப்பார்கள். அதனால் ஒரே எண்ணில் பிடிவாதமாக நிற்காமல் "200-லிருந்து 240-க்குள், சந்தேகம் வந்தால் சின்னதே போதும்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் அப்படித்தான் கையெழுத்துப் போட்டேன்.

கப் அளவை வைத்துப் பேசாதீர்கள். பிராண்டுக்கு பிராண்ட் அது வேறு. மார்பின் அடி அகலத்தை அளந்து, அதற்கு எந்த விட்டம் பொருந்தும் என்று பார்ப்பதுதான் முறை. 225 சிசியிலேயே அகலமாகத் தட்டையாக ஒன்று, குறுகலாக முன்னே நீட்டிக்கொண்டு ஒன்று என்று வகை உண்டு.

தெற்கு வீதி, தஞ்சாவூர்

குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடவுள் கொடுத்த உடம்பில் எதற்கு இதெல்லாம்? மாற்றுவதற்குப் பதில் மொத்தமாக எடுத்து எறிந்துவிடலாமே. மறுபடி பத்து வருஷம் கழித்து இன்னொரு ஆபரேஷனா?

குறுவை, மன்னார்குடி

பாதிக் கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் சொல்கிறேன். எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் விடுவதும் ஒரு வழிதான். நிறையப் பேர் அதைச் செய்கிறார்கள். எந்த இம்பிளான்ட்டும் ஆயுசுக்கும் வராது என்பதும் உண்மை, சின்னது வைத்துக்கொண்டாலும் என்றாவது ஒருநாள் மாற்றவோ எடுக்கவோ நேரும். அந்தச் செலவையும் படுக்கையையும் எண்ணித்தான் முடிவெடுக்க வேண்டும். முழுதாக எடுத்தால் தோல் அதிகமாகத் தளர்ந்து நிற்கும், பெரும்பாலும் தூக்கித் தைக்க வேண்டிவரும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆனால் "எதற்கு இதெல்லாம்" என்ற பாதியை ஏற்க மாட்டேன். தன் உடம்பு தனக்கு எப்படி இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவர் முடிவு செய்தார், இன்றைக்கும் அவரே முடிவு செய்கிறார். பெரிதாக வைத்தவள் சின்னதாக்க நினைத்தால் முன்பு செய்தது தப்பு என்றாகிவிடாது. மன்னார்குடியில் ஒரு பெண் இதை வெளியே சொல்ல முடியாமல் தோள்வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு நாளைக் கடத்துவது எனக்குத் தெரியும். அந்த வெட்கத்தை நாம் இங்கேயும் ஏற்றி வைக்க வேண்டாம்.

வெண்ணாறு, நீடாமங்கலம்

நான் வேறு வழியாக இங்கே வந்தவள். 2016-ல் இடது மார்பில் புற்றுநோய். எடுத்துவிட்டு, அதே இடத்தில் இம்பிளான்ட் வைத்தார்கள். பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். கரண்ட் வைத்த பக்கம் இறுகும் வாய்ப்பு அதிகம் என்று முன்னரே சொன்னார்கள். எனக்கும் இறுகியது. தோல் பளபளவென்று ஒட்டிக்கொண்டு, கையைத் தூக்கினால் மார்பே சேர்ந்து இழுத்தது. நடவுக்கோ களைக்கோ போக முடியவில்லை, அடுப்படிப் பரணிலிருந்து ஒரு டப்பா எடுக்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது.

மாற்றும்போது டாக்டரம்மா மூன்று வழி சொன்னார். வயிற்றுச் சதையை ரத்தக்குழாயோடு எடுத்து மார்பாக வைத்துத் தைப்பது. முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து இம்பிளான்ட்டுக்கு மேல் போர்த்துவது. சின்ன இம்பிளான்ட்டாக மாற்றிவிட்டு, வயிற்றிலிருந்து உறிஞ்சிய கொழுப்பைத் தோலுக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியால் நிரப்புவது. நான் மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். போட்ட கொழுப்பு அப்படியே நிற்காது, ஒரு பங்கு கரைந்துவிடும், அதனால் தவணை தவணையாகத்தான் செய்ய முடியும். ஆனால் கரண்டில் காய்ந்த தோல் அதற்குப் பிறகு கொஞ்சம் இளகியது. இன்று இடது பக்கத்தைக் கிள்ளினால் தோல் விரலுக்குள் வருகிறது. அதற்கு முன் வராது. வலது பக்கத்தையும் அதற்கு ஈடாகக் குறைத்துத் தைத்துக்கொண்டேன்.

1895-லேயே ஜெர்மனியில் செர்னி என்ற சர்ஜன் ஒரு பெண்ணின் முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அவளுடைய மார்புக்கு வைத்தாராம். டாக்டரம்மா சொல்லிக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது.

காப்பீடு பற்றி யாரும் சொல்லவில்லை. நம் நாட்டு மெடிக்கல் பாலிசிகளில் அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று பொதுவிலக்காகவே எழுதியிருக்கும். அதே வரியில் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கு அந்த விலக்கு இல்லை என்றும் இருக்கும். புற்றுநோய் வழியாக வந்தவர்கள் "காஸ்மெட்டிக்" என்ற சொல்லைப் பார்த்ததும் பயந்து விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். அந்த வரியை முழுதாகப் படியுங்கள்.

பயிற்சி மருத்துவர், சென்னை (சொந்த ஊர் பாபநாசம்)

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற உயர்சிறப்புப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

அரசலாறு அவர்களே, ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்கு முன் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ வேண்டும். உப்புநீர்ப் பொதி கிழிந்தால் மார்பு சப்பையாகிவிடும், உடனே தெரியும். சிலிக்கோன் ஜெல் கிழிந்தால் பல சமயம் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால்தான் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ., அறிகுறி இல்லாவிட்டாலும் வைத்த 5, 6 ஆண்டுகளில் ஒரு ஸ்கேனும் அதன்பின் 2, 3 ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்கிறது. இறுகிய பக்கத்தில் கிழிசலும் இருந்தால், கசிந்த ஜெல்லோடு உறையையும் எடுக்க வேண்டிவரும். ஆபரேஷன் நேரம் கூடும், திட்டமே மாறும்.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் இன்னொரு விஷயம். அந்த வகையோடு ஓர் அரிய நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புடையது. அது மார்பகப் புற்றுநோய் அல்ல, பொதியைச் சுற்றிய உறையில் வருவது. பொதுவாகப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் திடீரென்று நீர் கோத்து வீங்கும். 2019 ஜூலையில் அல்லெர்கன் கம்பெனியின் பயோசெல் வகை உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது இதனால்தான். அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் பயத்தில் ஓடிப்போய் எடுக்க வேண்டும் என்று எஃப்.டி.ஏ. சொல்லவில்லை. ஆனால் எப்படியும் மாற்றப்போகிறவர் வழுவழுப்பானதற்கு மாறுவது நல்லது. 2010-க்கு முன் வெளிநாட்டில் செய்துகொண்டவர்கள் அட்டையில் பிஐபி என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பிரெஞ்சுக் கம்பெனி மருத்துவத்துக்கு அல்லாத, தொழிற்சாலை சிலிக்கோனை நிரப்பியது அந்த ஆண்டுதான் வெளியே வந்தது.

மென்மையைப் பற்றி ஒரு பழைய பாடம் உண்டு. முதல் சிலிக்கோன் இம்பிளான்ட் 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வைக்கப்பட்டது. தடித்த ஓடு, கெட்டியான ஜெல். 1970-களில் இன்னும் மென்மை வேண்டும் என்று ஓட்டை மெலிதாக்கி ஜெல்லை நீர்த்துப்போகச் செய்தார்கள். கைக்கு இதமாக இருந்தது, ஆனால் கசிவும் கிழிசலும் பெருகின. பிறகு பாதுகாப்புக்குப் போதிய சான்று இல்லை என்று 1992-ல் அமெரிக்காவில் சிலிக்கோன் ஜெல்லுக்குத் தடை போட்டு, 2006-ல்தான் பொதுப் பயன்பாட்டுக்குத் திரும்ப அனுமதித்தார்கள். இன்றைய மென்மையான ஜெல் அந்த நீர்த்த ஜெல் அல்ல. வெட்டினாலும் ஒழுகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்படி செய்தது. இருந்தாலும் "இருப்பதிலேயே மெத்தென்றது கொடுங்கள்" என்று கேட்பதைவிட, உங்கள் தோல் தடிமனுக்கு எது தாங்கும் என்று கேளுங்கள்.

இம்பிளான்ட் வைத்த பிறகு களைப்பு, மூட்டுவலி, மறதி என்று உடம்பு முழுக்கத் தொல்லை சொல்கிற சிலரும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனை கிடையாது. அவர்கள் சொல்வதை அலட்சியம் செய்யக் கூடாது. 2021-லிருந்து அமெரிக்காவில் இம்பிளான்ட் பற்றிய தகவல் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையில் இதுவும் இருக்கிறது. உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தால் மாற்றுவதா, முழுதாக எடுப்பதா என்ற முடிவே வேறாகலாம்.

யாரிடம் போவது என்றால், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான டி.ஆர்.என்.பி. முடித்தவரா என்று பாருங்கள். "காஸ்மெட்டிக்" என்று பலகையில் எழுதிக்கொள்ள யாராலும் முடியும்.

தாழம்பூ, திருவாரூர்

எனக்கு 29 வயது, 325 சிசி. இன்னும் குழந்தை இல்லை, அடுத்த வருஷம் யோசிக்கிறோம். இப்போதே சின்னதாக மாற்றிவிடட்டுமா?

குறுவை, மன்னார்குடி

தொல்லை எதுவும் இல்லையென்றால் பொறுங்கள் தாழம்பூ. கர்ப்பத்திலும் பால் கொடுக்கும்போதும் மார்பு பெருத்துச் சுருங்கும். இப்போது தைத்து வைத்த அளவு அதற்குப் பிறகு அப்படியே இருக்காது. பால் மறந்து சில மாதம் போகட்டும். அடிமடிப்பு வழியாக வைத்திருந்தால் பால் கொடுப்பதற்குப் பெரும்பாலும் தடையில்லை, காம்பைச் சுற்றி வெட்டியிருந்தால் குறைய வாய்ப்பு உண்டு.

உழவன் மகன், வலங்கைமான்

என் மனைவிக்கு அடுத்த மாதம் இதே ஆபரேஷன். திருச்சியில். நான் என்னென்ன ஏற்பாடு செய்து வைக்க வேண்டும்? அவள் கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்கிறாள், அதனால் இங்கே கேட்கிறேன்.

வார்டு அக்கா, தஞ்சாவூர்

நல்ல கேள்வி தம்பி. ஒன்றும் வேண்டாம் என்பதை நம்பாதீர்கள்.

குடம், சிலிண்டர், மாவு அரைக்கிற பாத்திரம், தீவன மூட்டை எதையும் குறைந்தது நான்கிலிருந்து ஆறு வாரம் அவர் தூக்கக் கூடாது. பிள்ளையை இடுப்பில் ஏற்றுவதும் இதில் சேர்த்தி. கையைத் தலைக்கு மேல் தூக்கும் வேலையும் ஆரம்பத்தில் கூடாது. அதனால் சமையலுக்கு வேண்டியதையெல்லாம் பரணிலிருந்து இறக்கி இடுப்பு உயரத்தில் வைத்துவிடுங்கள். தலை பின்னிவிட ஆள் வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நாலைந்து எடுத்து வையுங்கள், தலை வழியாகப் போடுவது கஷ்டம். தலைமாட்டை உயர்த்தி மல்லாந்துதான் படுக்க வேண்டும், தலையணை கூடுதலாக வேண்டும்.

டிரெயின் குழாய் வைத்து அனுப்பினால், டப்பாவில் சேரும் நீரின் அளவையும் நிறத்தையும் தினமும் ஒரே நேரத்தில் நோட்டில் எழுதுங்கள். ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கினால், காய்ச்சல் வந்தால், தையலோரம் சிவந்து சூடாக இருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். உடனே கூப்பிடுங்கள்.

ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறைவதைச் சில மருந்துகள் தாமதப்படுத்தும். நீங்களோ வீட்டில் வேறு யாருமோ பக்கத்தில் உட்கார்ந்து பீடி, சிகரெட் பிடிக்காதீர்கள். புண் ஆறுவதை அது கெடுக்கும்.

இன்னொன்று, தியேட்டர் வாசலில் பெரியவர்கள் சண்டைக்கு வருவது இதில்தான். தாலிச் செயினைக் கழற்ற வேண்டும். ரத்தக்குழாயை அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உலோகம் உடம்பில் இருந்தால் தோல் சுடும் ஆபத்து உண்டு. முதல்நாளே வீட்டில் பேசி மஞ்சள் கயிறு மாற்றிக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் அதை அனுமதிப்பார்கள். அன்று காலையில் அம்மாவும் மாமியாரும் வராந்தாவில் அழுதுகொண்டு நிற்பதைவிட இது மேல்.

கீழப்படுகை, மயிலாடுதுறை

நான் மாற்றிக்கொண்டது போன தை மாசம். இரண்டே விஷயம். மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ரோடெல்லாம் தண்ணீர் நின்றால் தையல் பார்க்கப் போவது பெரும்பாடு. கத்திரி வெயிலும் வேண்டாம், இறுக்கமான ப்ராவை ராத்திரி பகல் போட்டுக்கொண்டு வியர்த்தே செத்துவிடுவோம். தை, மாசிதான் தோது.

அப்புறம் ப்ளவுஸ். வீக்கம் முழுதாக வடிந்து வடிவம் நிற்க மாதங்கள் ஆகும், அவசரப்பட்டுப் புதிதாகத் தைக்கக் கொடுக்காதீர்கள். என்னுடைய பட்டு ரவிக்கைகளைத் தையற்காரம்மா பக்கத் தையலில் பிடித்துக்கொடுத்தார், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. முன்பக்க டார்ட்டைத்தான் பிரித்து மறுபடி போட வேண்டியிருந்தது. பழைய டார்ட்டின் ஊசித் துளைகள் பட்டில் வரிசையாகத் தெரிந்தன. நல்ல ரவிக்கைகளை முதலில் கொடுக்காமல் ஒரு பருத்தி ரவிக்கையில் சோதித்துப் பாருங்கள்.

அரசலாறு, கும்பகோணம்

எல்லோருக்கும் நன்றி. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, சர்ஜனையும் பார்த்துவிட்டு வருகிறேன்.

அட்டை கிடைத்துவிட்டது. வழுவழுப்பான வகை, தசைக்கு மேலே வைத்தது. கிழிசல் இல்லை. இடது பக்கம் பேக்கர் மூன்று என்றார் டாக்டர். இடது பக்க உறையை முழுதாக எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் தசைக்குக் கீழே புது அறை எடுக்கலாம் என்கிறார். எனக்கு மேல்பக்கத் தோல் மெலிந்துவிட்டது, தசை போர்த்தினால் மென்மையான ஜெல்லின் அலை குறைவாகத் தெரியும் என்பது காரணம். அதற்கு விலையாக, மாவு பிசையும்போதும் பம்ப் அடிக்கும்போதும் தசை இறுகி மார்பு கொஞ்சம் அசையும் என்பதையும் சொல்லிவிட்டார். நான் வேலை செய்கிற பெண், அசைந்தால் அசையட்டும் என்றேன்.

அளவு 210-லிருந்து 230-க்குள். காம்பு அடிமடிப்புக்கு நேராக இருக்கிறதாம், அதனால் தூக்கித் தைப்பதை இப்போது செய்யாமல் விட்டுப் பார்க்கலாம் என்று பேசியிருக்கிறோம். திருச்சியிலேயே செய்கிறேன். சென்னை வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன், தையல் பார்க்க அடிக்கடி போய்வர வேண்டுமே. பொங்கல் முடிந்து சம்பா அறுவடை வேலை ஓய்ந்ததும் தேதி. மாமியாரிடம் மார்பில் இறுகியதைச் சரிசெய்ய ஆபரேஷன் என்று சொன்னேன், அது முழு உண்மைதானே. மாட்டை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. இனிமேல் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

வார்டு அக்கா, தஞ்சாவூர்

பதிவு செய்யும்போதே இம்பிளான்ட் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பொதியைப் பின்னால் தள்ளி மார்புத் திசுவை மட்டும் முன்னே இழுத்துக் கூடுதலாகச் சில படம் எடுப்பார்கள். அந்த முறை தெரிந்த சென்டரா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபரேஷன் அன்று புது இம்பிளான்ட் பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் ஒன்று கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள், இன்னொன்றை உங்கள் அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி எண் இருக்கும். போனில் படம் எடுத்து உங்கள் கணவருக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.